மருமகனின் ஐ.எஃப்.எஸ்ஸும் என் மாட்டு வண்டி அச்சும்

சென்ற ஐப்பசியில், மூன்று நாள் விடாமல் பெய்த மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கோயமுத்தூரில் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் மகன், தான் புதிதாக வாங்கிய மஹிந்திரா தார் வண்டியை எங்கள் வீட்டு முகப்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்றிருந்த என் பழைய ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்து, வந்திருந்த பந்துஜனங்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படியாக ஒரு கேள்வி கேட்டான்.

"அம்மான், என்ன இது, முன்னாடி மாட்டு வண்டி அச்சு மாதிரி இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. (வரவில்லை என்று எழுதினால், இந்த வலைப்பதிவை வாசிக்கும் என் வீட்டாரே சிரிப்பார்கள்.)

என்னுடையது 1989-ஆம் வருஷத்து மஹிந்திரா 540. அப்பச்சி ஆசைப்பட்டு வாங்கியது. அதன் முன் சக்கரம் இரண்டையும் ஒரே இரும்புக் குழல் இணைத்திருக்கிறது. குழலின் வயிற்றில் பூசணிக்காய் அளவுக்குப் பல்சக்கரப் பெட்டி. இரு பக்கமும் வில்லாக வளைத்து அடுக்கிய பட்டை ஸ்பிரிங்குகள். அவ்வளவுதான் அதன் சாஸ்திரம்.

"இப்பல்லாம் முன்னாடி முழு ஆக்சில் யாரும் போடுறதில்லை அம்மான். எல்லாம் ஐ.எஃப்.எஸ். தான்" என்று அவன் மேலும் விஸ்தரிக்க, பட்டாலையில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த, எண்பத்து நான்கு வயதான என் ஆத்தா நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஐ.எஃப்.எஸ். பாஸ் பண்ணிட்டியாப்பா? எந்த நாட்டுல போட்டிருக்காக?"

பேரன் பாஸ் பண்ணியது அயல்நாட்டுத் தூதரகத்துக்கு அனுப்பும் பரீட்சை அல்ல, முன் சக்கரங்கள் ஒன்றையொன்று சார்ந்திராமல் தனித்தனியே ஏறி இறங்கும் ஒரு யந்திர ஏற்பாட்டின் பெயரைத்தான் அவன் சொன்னான் என்று விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆத்தாவுக்கு அந்த ஏமாற்றம் இன்னும் தீரவில்லை.

இந்த விஷயத்தில் பரிச்சயமில்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழனிக்குக் காவடி தூக்கி நடந்தவர்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்: தோளில் இருக்கும் தண்டின் ஒரு முனை மேலே எழும்பினால் மறுமுனை கீழே போகும். முழு ஆக்சில் என்பது காவடித் தண்டு. இடது சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறினால் வலது சக்கரம் தரையில் அழுத்தி ஊன்றிக்கொள்ளும். அதோடு, அந்தக் கல் கொடுத்த சாய்வு வலது சக்கரத்துக்கும் போய்ச் சேரும். தனித்தனி சஸ்பென்ஷன் என்பதோ, தலைக்கொரு குடமாகச் சுமந்து இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடப்பது. ஒருவர் கால் பள்ளத்தில் இறங்கினால் மற்றவர் குடம் தளும்பாது. தளும்பாத குடம் சுகம்தான். ஆனால் பள்ளத்தில் இறங்கியவருக்கு மற்றவர் கை கொடுப்பதும் இல்லை.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது, மருமகன் என்னை நிந்திக்கவில்லை, ஸ்தோத்திரம் செய்திருக்கிறான் என்று தோன்றிற்று. அச்சு, குடம், ஆரக்கால், கடையாணி என்று நாலே உறுப்புகளை வைத்துக்கொண்டு எங்கள் சீமையின் சரளை மண்ணிலும் செம்புராங்கல் மேட்டிலும் நெல் மூட்டையைச் சுமந்து தலைமுறை தலைமுறையாக ஓடிய வண்டியின் அச்சல்லவா அது! தேர்கூட அப்படித்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். சக்கரத்துக்குச் சக்கரம் தனி ஸ்பிரிங் வைக்கலாம் என்று ஒருவரும் யோசனை சொன்னதாகத் தெரியவில்லை. (வைத்தால் சுவாமி ஊஞ்சலாடுவார். அதற்குத் தனி உற்சவம் இருக்கிறது.)

நிற்க. மருமகன் "இப்பல்லாம்" என்று சொன்னானே, அந்த ஒரு சொல்தான் என்னை இந்தப் பதிவை எழுதத் தூண்டியது.

தனித்தனி முன் சஸ்பென்ஷன் ஒன்றும் நேற்றுப் பிறந்த குழந்தை அல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார், முழங்கால் மடங்கி நீள்வதைப் போல் சக்கரம் மடங்கி நீளும் என்று விளம்பரம் செய்து, 1934-ஆம் வருஷத்துக் கார்களிலேயே அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஹென்றி ஃபோர்டு மட்டும் பிடிவாதக்காரர். அவர் காலமாகி, 1949-ஆம் வருஷத்து மாடல் வெளிவரும் வரையில் ஃபோர்டு கார்களுக்கு முன்னால் ஒரே அச்சுதான். அவ்வளவு தூரம் போவானேன்? 1958 முதல் 2014 வரை ஓடி ஓய்ந்த நம் அம்பாசிடருக்கு, மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த சொத்தாக, முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன்தான். சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கேறி விடுபடும் இரும்புக் கம்பி, அதாவது டார்ஷன் பார். இவன் புதுமை என்று கொண்டாடும் சங்கதி, இவனுடைய ஐயா வைத்திருந்த அம்பாசிடரின் அடியில் இவன் பிறப்பதற்கு முன்பே முறுக்கிக்கொண்டிருந்தது. இதை மறுநாள் காலையில் நான் சொன்னபோது அவன் கைப்பேசியை எடுத்துச் சரிபார்த்தான். (சரிபார்க்கட்டும்.)

ஜீப்பின் கதை வேறு. யுத்த காலத்தில், 1941 தொடங்கி, வில்லிஸும் ஃபோர்டுமாகச் சேர்ந்து ஏறக்குறைய ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள். அவசரத்தில் செய்வதற்கும், அடிபட்டால் நடுக்காட்டில் செப்பனிடுவதற்கும் முழு ஆக்சிலைவிட எளியது வேறில்லை. 1947-இல் பம்பாயில் மஹிந்திரா அந்த ஜீப்பைத்தான் பூட்டத் தொடங்கினார்கள். அந்த வம்சத்தில் வந்தது என் 540. பிற்பாடு அமெரிக்க ராணுவத்துக்கும் என் மருமகனுக்கு வந்த ஆசை வந்து, 1960 வாக்கில் எம்-151 என்று நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வைத்த ஜீப்பைச் சேவையில் சேர்த்தார்கள். கரடுமுரடான தரையில் அது பறந்தது. வேகமாகத் திருப்பினால் கவிழ்ந்தது. பின் சக்கரங்கள் ஊசலாடும் விதத்தில் இருந்த அந்தத் தோஷத்தை 1970-இல் திருத்தியும், பழையவற்றை முழு வண்டியாகப் பொதுஜனங்களுக்கு விற்க மனமில்லாமல் துண்டு துண்டாக அறுத்துப் போட்டார்கள். குற்றம் தத்துவத்தில் இல்லை, அதைச் செய்த விதத்தில்தான். ஆனாலும் அன்று காலை விவாதத்தில் அந்த நியாயத்தை நான் சொல்லவில்லை. (விவாதத்தில் எல்லா நியாயத்தையும் நாமே சொல்லிவிட்டால் எதிராளிக்கு வேலை இராது.)

வாய்ச்சண்டையில் தீராது என்று தெரிந்ததும், இரண்டு வண்டிகளையும் எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனோம்.

எங்கள் கண்மாய்க் கரையிலிருந்து தோப்புக்கு இறங்கும் பாதையில், மடை வாய்க்கால் ஒன்று குறுக்காக, அதுவும் நேர்குறுக்காக அல்லாமல் மூலைவாட்டில், வெட்டிக்கொண்டு போகிறது. மழைக்குப் பிறகு அது இடுப்பளவு ஆழம். மூலைவாட்டுப் பள்ளத்தின் விசேஷம் என்னவென்றால், ஒரே அச்சின் இரு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் நிற்க முடியாது. நான் முதலில் இறங்கினேன். முன் ஆக்சில் காவடியாட்டம் ஆடி, இடது சக்கரம் பள்ளத்தின் அடியையும் வலது சக்கரம் கரையின் விளிம்பையும் ஏககாலத்தில் பற்றிக்கொண்டது. "பார்த்தாயா!" என்று நான் வாய் திறப்பதற்குள், பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பினால் பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் எழும்பிச் சுழல ஆரம்பித்துவிட்டது. நின்றுபோனேன். பின்னால் இழுத்து, கொஞ்சம் வேகமெடுத்து, மேல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டு கரையேறினேன்.

அவன் முறை. தாரின் முன் சக்கரம், நான் ஜோசியம் சொன்னபடியே, ஆகாசத்தில் தொங்கிற்று. தனித்தனி சஸ்பென்ஷனுக்குக் கீழே நீட்ட இருக்கும் கால் அவ்வளவுதான். நான் சிரிக்க ஆயத்தமானேன். அவன் ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருந்தான். அடியிலிருந்து கடகடவென்று ஒரு சப்தம் வந்தது. காற்றில் சுழன்ற சக்கரத்தைக் கம்ப்யூட்டர் பிரேக்கால் பிடித்து நிறுத்த, தரையில் ஊன்றியிருந்த சக்கரத்துக்கு பலம் போய்ச் சேர்ந்து, வண்டி யாதொரு பதற்றமும் இல்லாமல் மேலே ஏறிவிட்டது. அந்த வண்டிக்குப் பின்னால் முழு ஆக்சில்தான், சுருள் ஸ்பிரிங்கோடு, என்பதை மட்டும் அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். தோற்றவன் பேசுகிற பேச்சுத்தான் அது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் திரும்பி வரும் வழியில் எனக்கும் தெய்வம் துணை செய்தது. தாரில் நாலு பேர் ஏறியிருந்தார்கள், நாலு பேரும் விருந்துச் சாப்பாட்டுக்காரர்கள். கொஞ்சம் வேகமாக ஒரு குழியில் இறங்கியபோது ஸ்பிரிங் அமுங்கி, வண்டியின் வயிறு ஒரு செம்புராங்கல்லில் உரசிற்று. கர்ர்ர்... அந்தச் சப்தத்தைக் கேட்டு மருமகன் முகம் போன போக்கை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. 226 மில்லிமீட்டர் இடைவெளி என்று புஸ்தகத்தில் போட்டிருப்பது, வண்டி சமதரையில் சும்மா நிற்கும்போது அளந்தது. தனித்தனி சஸ்பென்ஷனில் முன் பல்சக்கரப் பெட்டி சட்டத்தோடு பிணைந்திருப்பதால், ஸ்பிரிங் அமுங்க அமுங்க அதுவும் தரையை நோக்கி வரும். முழு ஆக்சிலிலோ அந்தப் பெட்டி சக்கரங்களோடு பிணைந்தது. எத்தனை பேர் ஏறினாலும், எந்தக் குழியில் விழுந்தாலும், டயரில் காற்று இருக்கும் வரையில் ஆக்சிலுக்கும் தரைக்கும் உள்ள தூரம் மாறாது. என் ஜீப்பில் அந்தப் பெட்டி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரிந்தவன் கல்லை மறுபக்கமாகக் கடத்திவிட்டுப் போய்விடுவான்.

இதெல்லாம் கண்மாய்க் கரையில். தார் ரோட்டில் என் கதை பரிதாபம்.

போன வருஷம் திருப்பத்தூர் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கிற்று. அடுத்த க்ஷணம் முன் சக்கரங்கள் இரண்டும் சன்னதம் வந்ததுபோல் ஆட ஆரம்பித்தன. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. வண்டி முழுவதுமாக நிற்கும்வரை ஆட்டமும் நிற்கவில்லை. (பக்கத்தில் இருந்த என் ஆச்சி அன்றைக்குச் சொன்ன வார்த்தைகளைப் பிரசுரிப்பதற்கில்லை.) ஒரு சக்கரத்தின் உதறல் தண்டு வழியாக மறு சக்கரத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து, தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வியாதி இது. முழு ஆக்சில் வண்டிகளுக்கே உரிய ஆஸ்தி.

வைத்தியத்தை நானே ஆரம்பித்தேன். டயரை மாற்றினேன், ஆட்டம். பேலன்ஸ் செய்தேன், ஆட்டம். ஸ்டியரிங்கில் உதறலை அமுக்கும் டேம்பர் ஒன்று பொருத்தினேன். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் ஆட்டம். கடைசியில், முதலிலேயே போயிருக்க வேண்டிய இடமான, காரைக்குடியில் ஜீப்புகளையே பார்த்துக் கிழடான ஒரு பாயின் பட்டறைக்குப் போனேன். அவர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஒரு தரம் அசைத்தார்.

"கிங் பின் பேரிங் தம்பி. டேம்பர் போட்டு நோயை மூடி வச்சிருக்கீங்க."

பிறகு அவர் செய்த காரியத்தை நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். சக்கரத்தைக் கழற்றி, அது திரும்புவதற்கு ஆதாரமான கிங் பின்னின் மூடியைத் திறந்து, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். மூடிக்கு அடியில் ஷிம் என்று காகிதம் போன்ற தகடுகள் உண்டு. எத்தனை தகடு என்பதில்தான் சூக்ஷ்மம். தகடு கூடினால் தளர்ச்சி, ஆட்டம் போகாது. குறைந்தால் இறுக்கம், ஸ்டியரிங் திரும்பாது. அதை அளக்க அவர் எடுத்த கருவி, மீன்காரர்கள் கையில் தொங்கவிடும் ஸ்பிரிங் தராசு! அதன் கொக்கியைச் சக்கரத்தைத் திருப்பும் கையில் மாட்டி, நிதானமாக இழுத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஒரு தகட்டை எடுத்தார். மறுபடி இழுத்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவது தரம் இழுத்தபோது முள் அசையாமல் நின்றது. ஒரு வார்த்தை பேசாமல் போல்ட்டை முறுக்கினார். அன்றோடு ஆட்டம் போயிற்று.

அந்தப் பட்டறையிலேயே எனக்கு உதித்த ஓர் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் சித்தம். முழு ஆக்சில் தன் நோயை மறைப்பதில்லை, வாய்விட்டு அலறும். தனித்தனி சஸ்பென்ஷன் சாது. அதன் ரப்பர் புஷ்களும் பால் ஜாயிண்டுகளும் தேய்ந்தால் ஓட்டுகிறவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. டயரின் உள் விளிம்பு மட்டும் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே போகும், கம்பி வெளியே வந்த பிறகுதான் குனிந்து பார்ப்போம். அப்போதும் மீன் தராசு போதாது. அலைன்மெண்ட் யந்திரம் வேண்டும்.

லாரிக்காரர்களுக்கு இந்த விவாதமே விளங்காது. முன்னால் ஒரு முழு உருக்குத் தண்டு, அதன்மேல் இரண்டு கட்டுப் பட்டை, முடிந்தது விஷயம். 2018-இல் சர்க்கார் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்கு உயர்த்தியபோது, முன் அச்சின் பங்கு மட்டும் ஆறு டன்னிலிருந்து ஏழு டன்னாயிற்று. அந்தச் சுமைக்கு மலிவாகவும் மடங்காமலும் நிற்பது தண்டுதான். 2005-இல் வந்த சின்ன யானை, அந்த டாட்டா ஏஸுக்குக்கூட முன்னால் முழு அச்சுத்தான். விதிவிலக்கும் உண்டு. வால்வோவில் 2012 முதல் பெரிய லாரிக்கே தனித்தனி முன் சஸ்பென்ஷன் கிடைக்கிறது. நம் ராணுவத்துக்கு ஏவுகணை சுமக்கும் டாட்ராவுக்கு எல்லாச் சக்கரமும் தனித்தனியாக ஊசலாடும். அவர்களிடம் பணமிருக்கிறது.

ஆத்தங்குடிக் கல் விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டு வளவில் பெயர்ந்துபோன இடத்துக்காக, பதம் பார்த்துக் கண்ணாடியின் மேல் வர்ணம் ஊற்றிக் கையால் வார்த்த கல்லை, ஒரு சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி வந்தேன். வீடு வந்து சேருவதற்குள் பதினொரு கல் மூலை உடைந்துவிட்டது. முன்னால் பட்டை ஸ்பிரிங், அதுதான் காரணம் என்று நான் ஓட்டுநரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அமைதியாக, "அண்ணே, ஒரு டன்னுக்குப் போட்ட பட்டையில நூறு கல்லை வச்சா அது எப்படி வளையும்? பாரம் பத்தலை. வைக்கோலும் பத்தலை" என்றார். அடுத்த தடவை கல்லோடு நாலு மூட்டை சிமெண்டும் ஏற்றி, கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இடையிடையே வைக்கோல் திணித்துக் கொண்டுவந்தோம். ஒன்றுகூட உடையவில்லை. முழு ஆக்சிலின் மேல் ஜனங்கள் போடும் பழியில் பாதி, உண்மையில் பட்டை ஸ்பிரிங்கின் பாவம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 2023-இல் வந்த மாருதி ஜிம்னியைச் சிநேகிதர் ஒருவர் ஓட்டக் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், ஆனால் சுருள் ஸ்பிரிங். என் ஜீப்பில் முதுகெலும்பை எண்ண வைக்கும் அதே பாதையில் அது தாலாட்டிக்கொண்டு போயிற்று.

மருமகன் சொன்னதில் ஒன்று நிஜம்: உலகம் அவன் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. லேண்ட் குரூசர் 1998-இலேயே குடும்ப வண்டியில் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிக்கொண்டது (உழைக்கிற 70 வரிசையை மட்டும் பழையபடியே வைத்திருக்கிறார்கள்). பழைய டிஃபெண்டர் 2016-இல் ஓய்ந்து, புதிதாக வந்தது தனித்தனி. 1979 முதல் முழு ஆக்சிலோடு இருந்த பென்ஸ் ஜி வண்டியும் 2018-இல் மனம் மாறிவிட்டது. நம் தாரே 2010-இல் முதன்முதலாக வந்தபோதே முன்னால் டார்ஷன் பார்தான். ஜிம்னியைப் போல ஜீப் ரேங்க்ளரும் இன்னும் விரதத்தைக் கைவிடவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. நூறு நாளில் தொண்ணூற்றைந்து நாள் தார் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் மருமகன் வண்டியையே வாங்குங்கள். ஆத்தாவை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நானே அதைத்தான் இரவல் கேட்டேன். மேலூர் தாண்டும்வரை அவர்கள் கண் விழிக்கவில்லை. தோப்புக்கும் கண்மாய்க்கும் போக என் 540 போதும். அதை விற்பதாக இல்லை. (விலை கேட்டு எழுதும் அன்பர்கள் மன்னிக்கவும்.)

கடைசியாக ஒரு விண்ணப்பம். வலது பக்கக் கிங் பின்னும் இப்போது லேசாக முனக ஆரம்பித்திருக்கிறது; பாய் தராசோடு தயாராக இருக்கிறார், நல்ல பேரிங் செட்தான் அகப்படவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்தில் பழைய சரக்கு வைத்திருக்கும் கடை எதையேனும் அறிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மருமகனுக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்கிறேன்.